முப்பத்தொன்றாம் எண் தொப்பிக்கான சீட்டு

மகனே,

பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிற என் சுரங்கச் சாமான்களுக்கு நீ கேட்ட சீட்டுகளில் முப்பதை எழுதி முடித்துவிட்டேன். பொருளின் பெயர், எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, இவ்வளவும் இரண்டு மூன்று வரிக்குள் அடங்க வேண்டும், பள்ளிக்கூடத்துக் கண்ணாடி அலமாரி முன்னால் பிள்ளைகள் நின்று வாசிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று போனில் சொன்னாய். அப்படியே எழுதியிருக்கிறேன். முப்பத்தொன்று மட்டும் அந்த அளவுக்குள் வர மாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். கவரை ஒட்டவில்லை. யார் எடுத்து வாசித்தாலும் வாசித்துவிட்டுப் போகட்டும். மதியச் சாப்பாடு முடிந்து, உன் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்த இடத்துக்கு உன் அம்மா போயிருக்கிறாள். வீட்டில் நானும் ஃபேனும்தான். நாளைக் காலை நீ ரயிலை விட்டு இறங்கி வரும்போது இது உன் மேஜைமேல் இருக்கும்.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். அங்கிருந்து நடந்தால்தான் தெரியாத இடத்துக்கு என்னால் போக முடியும். நான் சுரங்கத்தைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. அதற்குள்ளிருந்து வெளியே வந்ததை மட்டும்தான் பார்த்தேன். முப்பது வருடம் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல்களோடு கிடந்தேன், அதில் பாதி ஃபோர்மேனாக. ஊரில் மற்றவர்கள் சங்கு சேர்த்தார்கள், சிப்பி சேர்த்தார்கள், பழைய முத்துக்குளிப்புச் சலாபத்து எடைக்கல் வைத்திருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் இந்தக் கிறுக்கு. பைபாஸ் பக்கத்துப் பழைய இரும்புக் கிடங்கில் வெளிநாட்டுப் பித்தளைக் கழிவு கன்டெய்னர் கன்டெய்னராக வந்து கொட்டும். ஒருநாள் அந்தக் குவியலில் கரி பிடித்த ஒரு விளக்கு கிடந்தது. கம்பி வலைக்குள் திரி, சுற்றிலும் தடித்த கண்ணாடி. சுரங்கத்துக்குள் காற்று கெட்டிருக்கிறதா என்று பார்க்கிற விளக்கு என்று பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதுதான் எண் ஒன்று. அந்தக் கிறிஸ்துமஸுக்கு உன் அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கம் மாதிரி ஆக்கி வைத்துவிட்டாள். எங்கேயோ ஒரு சுரங்கத்தில் எத்தனையோ வருடமாக ஏறிய கரி, எல்லாம் நம் வீட்டுச் சாக்கடையில் போயிற்று. நான் கத்திய கத்தலுக்கு அவள் சொன்ன பதில் உனக்கும் ஞாபகம் இருக்கும். “விளக்குன்னா துலக்கத்தான செய்வாவ? கரியோட வச்சு அழகு பாக்கவா முடியும்?” என்றாள்.

பிறகு தோல் தொப்பி, கெட்டி அட்டைத் தொப்பி, நெற்றியில் மாட்டுகிற கார்பைடு விளக்கு, கரிவெட்டி என்று ஒவ்வொன்றாக வந்தன. உனக்குப் பிடித்தது பித்தளை வில்லைகள். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் போட்ட ஒரு வில்லை. இறங்கும்போது பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போவான், ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். இதைச் சொன்ன அன்றைக்கே நீ வாசல் கதவுக்குப் பின்னால் மூன்று ஆணி அடித்தாய். எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. வெளியே போகிறவர் எடுத்துக்கொண்டு போக வேண்டும், வந்ததும் மாட்ட வேண்டும். உன் அம்மா காய் வாங்கப் போகும்போதுகூட முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். இந்த வீட்டில் யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. துறைமுகத்தில் எனக்குக் கீழே நாற்பது பேர். அவர்களில் யார் மேலே, யார் கீழே என்று காட்டுவதற்கு நான் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

அந்த நாற்பது பேரில் ஒருவன் சூசை. ஜெனிட்டாவின் அப்பா. அவன் முகம் உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு மாதா கோயில் தேர் பார்க்கக் கூட்டிப் போனவன். என் கிறுக்கைக் கேலி செய்யாத ஒரே ஆள் அவன்தான். கப்பலில் நிலக்கரிக்கு நடுவே ஏதாவது தட்டுப்பட்டால் ஓடி வருவான். பழைய சுரங்கம் இருந்த மலையை இப்போது இயந்திரம் வைத்து மேலிருந்தே வெட்டுகிறார்கள், அப்போது அந்தக் காலத்துச் சாமான் சிலசமயம் கரியோடு கலந்து வந்துவிடும். “அண்ணாச்சி, ஒங்க மாமனார் வீட்டுச் சீர் வந்திருக்கு” என்று ஒரு துருப்பிடித்த ஆணியை நீட்டுவான். ஒருநாள் அந்த முதல் விளக்கை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய், கொல்லையில் மூடிக்கிடந்த பாழுங்கிணற்றில் கயிறு கட்டி இறக்கிக் காட்டினேன். பாதிக் கிணறு இறங்கியதும் சுடர் சுருங்கி அணைந்தது. “பாத்தியாலே, அங்கன உயிர்க்காத்து இல்ல. கரியும் இப்படித்தான், மூடி வச்சா காத்தத் தின்னுரும்” என்றேன். அவன் கை தட்டினான். ஜெனிட்டா அவன் காலைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள், ஒன்பது வயசு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்தோம் என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வழி இல்லை.

பதினாறு வருடத்துக்கு முன் வந்த ஒரு கப்பலில், மூன்றாம் அறையில் பாதிக் கரியை இறக்கியிருந்தோம். சாயங்காலம் மழை வந்தது, கரி நனையக்கூடாது என்று மேல்மூடியைச் சாத்தினார்கள். சாத்துகிற நேரத்தில் சூசை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறான். ஏணிக்குக் கொஞ்ச தூரத்தில், கரிச் சரிவில் ஒரு தொப்பி கவிழ்ந்து கிடந்தது. நெற்றியில் விளக்கு மாட்டுகிற கொக்கி, தாடைக்குத் தோல் பட்டை எல்லாம் முழுசாக இருக்கிறது என்று வந்து சொன்னான். மறுநாள் காலை ஏழு மணி ஷிஃப்ட். எட்டரைக்குத்தான் காற்றுச் சோதிக்கிற மீட்டரோடு ஆள் வருவான். மூடியைத் திறந்து, அவன் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் யாரும் உள்ளே இறங்கலாம். அதற்கு அடுத்து கிரேன் ஓட ஆரம்பிக்கும், ஆரம்பித்தால் அந்தத் தொப்பி தூள். மூடி சாத்தியிருந்தாலும் உள்ளே இறங்கத் தனியாக ஒரு ஏணி ரூம் உண்டு, அதன் கதவுக்குப் பக்கத்தில் மேல்தளத்தில் நின்று நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சூசை வந்தான்.

“அண்ணாச்சி, ஏணி ரூம் வழியா எறங்கி எட்டி எடுத்துட்டு வந்திரட்டா?”

“மீட்டர்காரன் இன்னும் வரலியேலே” என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை. நிறுத்தவில்லை. “கிரேன் வாய் வச்சா நொறுங்கிப் போயிரும்” என்றும் சொன்னேன்.

அவன் சிரித்தான். “நேத்து சாயங்காலம் வரைக்கும் தொறந்துதான கெடந்துச்சு? ஒரு ராத்திரில என்ன ஆயிரும்? ரெண்டு நிமிசம். ராத்திரிக்கு ரெண்டு செட்டு பொரிச்ச புரோட்டா சொல்லி வைங்க.”

“சரி, வெரசா வா” என்றேன்.

பதினாறு வருடமாக இந்தப் பேச்சை நான் எனக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன். நான் இறங்கச் சொல்லவில்லை, அவன்தான் கேட்டான், நான் சரி என்று மட்டும்தான் சொன்னேன், அதுவும் அரைக் குரலில் என்றெல்லாம். இப்போது உள்ளபடி எழுதிவிட்டேன். அவன் கேட்டதே எனக்குத் தொப்பிமேல் இருந்த ஆசை தெரிந்துதான். ஃபோர்மேனுடைய ஆசை கூலிக்காரன் காதுக்கு உத்தரவாகத்தான் போய்ச் சேரும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் அது வசதியாக இருந்தது. உனக்கும் இப்போது சைட்டில் இருபது பேர் கீழே வேலை பார்க்கிறார்கள். உன் ஆசைகளை அவர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லாதே. அவர்கள் அதைச் செய்து முடித்துவிட்டு வந்து நிற்பார்கள், இல்லை வராமலே போவார்கள். அப்பன் என்கிற முறையில் உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

டீ தீர்ந்தது. அவன் வரவில்லை. ஏணி ரூம் கதவில் நின்று கூப்பிட்டேன். கீழ்த்தட்டில் அவன் கால் தெரிந்தது. நான் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் நீங்களும் செத்திருப்பீர்கள் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அது வாஸ்தவம். ஆனால் அந்த அறிவினால் நான் நிற்கவில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். கப்பல்காரர்கள் முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கிக் கயிறு போட்டுத் தூக்கினார்கள். மஞ்சள் ஹெல்மெட்டை இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருந்தான். தலையில் அந்தத் தொப்பி. ஏணி பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே என்று தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான். தாடைக்குக் கீழே பட்டையைக்கூட மாட்டியிருந்தான். எடுத்துவிட்டுத் திரும்பி ஏறும்போதுதான் விழுந்திருக்கிறான். எல்லாரும் நெஞ்சை அமுக்குவதிலும் தண்ணீர் தெளிப்பதிலும் இருந்தார்கள். நான் குனிந்து பட்டையை அவிழ்த்து, தொப்பியைக் கழற்றி, என் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். அதன் உள்பக்கம் சூடாக இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வேறு யாருடைய கையோ செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணைக்கு வந்தவர் கேட்டார், இவர் ஏன் இறங்கினார் என்று. “தெரியல சார். சொல்லாமப் போயிட்டான்” என்றேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரியால் அவன் குடும்பத்துக்கு வர வேண்டியது பாதியாகக் குறைந்தது, ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்த வரி அவர்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடக்கம் முடிந்த மறுநாள் போனேன். அவன் பெண்சாதி மேரி எனக்கே ஆறுதல் சொன்னாள். “அவரு என்னைக்குத்தான் சொன்ன பேச்சு கேட்டாரு அண்ணாச்சி? நீங்க மனசு ஒடையாதீங்க” என்றாள். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவன் குழிக்கு முதல் மெழுகுவர்த்தி நான்தான் ஏற்றுகிறேன், ஊரும் என்னைப் பெரிய மனுஷன் என்கிறது. ஜெனிட்டாவைத் தொடர்ந்து படிக்க வைத்ததும், அவர்கள் வீட்டு நல்லது கெட்டதற்கு முன்னால் நின்றதும் நான்தான். நீ அதைப் பார்த்து என்னைப் போல இருக்க வேண்டும் என்று கல்லூரியில் சேரும்போது கட்டுரை எழுதினாய். அதை வாசித்தேன், மடித்து வைத்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த வருடம் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு நீ அலமாரியைத் திறந்து அந்தத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, முகத்தில் அடுப்புக்கரியைப் பூசிக்கொண்டு, பரிசோடு வீட்டுக்குள் வந்தாய். பட்டை தாடைக்குக் கீழே மாட்டியிருந்தது. உன்னை அடித்தேன். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பழைய சாமானைத் தொட்டதற்காக என்று நீ இவ்வளவு காலம் நினைத்திருப்பாய். புரோட்டாக் கடைக்கு ஏன் அப்பா வர மாட்டார் என்று உன் சிநேகிதர்களிடம் என் வயிற்றைக் குறை சொல்வாய். என் வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது கதவுக்குப் பின்னால் நாலாவது ஆணி இருந்தது, அதில் புதிதாக ஒரு வில்லை. உன் அம்மாவைப் பார்த்தேன். “நம்ம ஜெனிட்டாவுக்காம். ஒங்க மவன் அடிச்சுட்டுப் போயிருக்கான். வாயத் தொறந்து சொல்ல வெக்கமாம்” என்று சிரித்தாள். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். அப்போதே சொல்லியிருக்கலாம். நிச்சயத்துக்கு முந்தின நாள் சொல்லியிருக்கலாம். கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள், இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். இவர்கள் இருவருக்கும் இடையே தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று சாமியார் சொல்லும்போது இரண்டு தடவையும் நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது கோயில் சட்டப்படி தடை இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்றாம் ஓலை இந்த ஞாயிறு.

போன வாரம் ஜெனிட்டா வந்திருந்தாள். சீட்டுகளை அவள் கையெழுத்தில் எழுதினால் அழகாக இருக்கும் என்று நீ அனுப்பியதாகச் சொன்னாள். ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தவள், “மாமா, முப்பத்தொண்ணு மட்டும் சீட்டு இல்லாமக் கெடக்கே, இது எங்கருந்து வந்துச்சு?” என்றாள்.

“கப்பல்ல.”

“யாரு குடுத்தா?”

“ஞாபகம் இல்லளா” என்றேன்.

அவள் அதைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். சூசையின் நெற்றி அப்படியே அவளுக்கு. “எங்கப்பா இருந்திருந்தா இதுமாரி இன்னும் பத்து பொறுக்கிக் குடுத்திருப்பாரு மாமா. அதுக்குள்ள சொல்லாமக் கொள்ளாம எறங்கி எங்களத் தெருவுல விட்டுட்டுப் போயிட்டாரு. சின்னதுல அவரு மேல அம்புட்டுக் கோவம் எனக்கு. இப்பவும் முழுசா போகல” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு தொப்பியைக் கழற்றி, முந்தானையால் உள்பக்கம் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தாள். பதினாறு வருடமாக எனக்கு இல்லாமல் இருந்த ஏதோ ஒன்று அப்போது நெஞ்சில் வலித்தது. வலிக்கிறதே என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் போன பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அவள் அப்பனை அவளிடமிருந்து நான் இரண்டு தடவை எடுத்திருக்கிறேன். முதல் தடவை எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இரண்டாவதைக் கொடுக்க முடியும். சொல் பேச்சு கேட்காத ஆள் என்கிற பெயரை அவன்மேலிருந்து இறக்கி வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் உன் கல்யாணத்தில் பட்டு வேட்டி கட்டி முன்வரிசையில் நிற்க என்னால் முடியாது.

நாளைக் காலை பூசை முடிந்ததும் மேரி வீட்டுக்குப் போகிறேன். ஜெனிட்டாவும் இருப்பாள். இங்கே எழுதியதை அங்கே வாயால் சொல்லப் போகிறேன். நீ வந்து இறங்கும் நேரத்தில் கதவுக்குப் பின்னால் என் ஆணி காலியாக இருந்தால் தேடாதே, நான் அங்கேதான் இருப்பேன். உன் அம்மாவிடம் இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிடுவேன். விசாரணைத் தாளில் போட்ட கையெழுத்தைத் திருத்த யாரிடம் போக வேண்டும் என்றும் விசாரித்து வைத்திருக்கிறேன். மூன்றாம் ஓலை வாசிக்கலாமா என்று ஜெனிட்டா சொல்லட்டும். அவளை நீ அவசரப்படுத்தாதே, எனக்காகப் பரிந்து பேசாதே. கல்யாணம் வேண்டும், மாமா மட்டும் வேண்டாம் என்று அவள் சொன்னால் அது நியாயம். நான் கோயிலில் கடைசிப் பெஞ்சில் இருந்துகொள்கிறேன். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டில் இருப்பேன். நாலாவது வில்லையைக் கழற்றிக் கொடுத்துவிடு என்று அவள் கேட்டாலும் கழற்றிக் கொடு.

என்மேல் உனக்கு இருந்த மரியாதை இனி இருக்காது. அது போவது எனக்குத் தெரிகிறது, ஆனால் இன்னும் உறைக்கவில்லை. ஒருவேளை உன் முகத்தைப் பார்க்கும்போது உறைக்கலாம். உறைத்தால் நல்லது.

முப்பத்தொன்றாவது சீட்டை அவள் கையால் எழுதச் சொல்லாதே. நானே எழுதிவிட்டேன், இத்தோடு வைத்திருக்கிறேன். அலமாரியில் வைக்கும்போது ஒரு எழுத்தும் மாற்றாமல் வை.

எண் 31. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் தொப்பி. கெட்டி அட்டை, தோல் பட்டை.
கிடைத்த இடம்: தூத்துக்குடித் துறைமுகம், நிலக்கரிக் கப்பலின் மூன்றாம் அறை.
எடுத்து வந்தவர்: சூசை. அவர் சொல்லாமல் இறங்கவில்லை. நான் சரி என்று சொன்ன பிறகுதான் இறங்கினார்.